திருச்சபை: ஒரு சொல்லின் வரலாறு

'திருச்சபை' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவது யாது? சிலருக்கு மணிக்கூண்டும் சிலுவையும் தாங்கி நிற்கும் ஒரு கட்டடம் தோன்றும். வேறு சிலருக்கு ஆயர்களும் குருமாரும் படிமுறையாக அமைந்த ஒரு நிருவாகம் தோன்றும். இன்னுஞ் சிலருக்குக் கத்தோலிக்கம், அங்கிலிக்கம், மெதடிசம் எனப் பெயர் பூண்ட பிரிவுகள் தோன்றும். இம்மூன்றும் இன்று வழக்கிலுள்ள பொருள்களே. ஆயினும், கிறிஸ்தவ வேதத்தின் புதிய ஏற்பாட்டை அதன் மூலமொழியாகிய கிரேக்கத்தில் திறந்து, இச்சொல் வருமிடங்களை ஒவ்வொன்றாக நோக்குவோமாயின், இம்மூன்றில் ஒன்றையேனும் அது நேரே குறிப்பதாகக் காணோம். அங்கே அது குறிப்பது மனிதரை. ஓரிடத்திற் கூடுகின்ற மனிதரை. கூட்டத்தின் பெயர் கட்டடத்தின் பெயராக மாறியது எவ்வாறு, அம்மாற்றத்தில் மறைந்துபோன கேள்வி யாது என்பனவே இன்றைய பேச்சுக்குப் பொருளாகும்.

கிரேக்க மொழியில் அச்சொல் 'எக்கிளேசியா' என வழங்கும். கிறிஸ்தவர் ஆக்கிய புதுச்சொல் அன்று அது. இயேசுநாதர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஏதென்ஸ் நகரத்தின் அரசியல் வழக்கில் அது நிலைபெற்றிருந்தது. பிநிக்ஸ் என்னும் குன்றின் சரிவிலே நகர மக்கள் கூடிப் போரா சமாதானமா என்று முடிவுசெய்தனர். சட்டங்களை ஏற்றனர் அல்லது தள்ளினர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 முறை இக்கூட்டம் நிகழ்ந்தது. சில முக்கியமான முடிவுகளுக்கு 6,000 பேர் வந்திருத்தல் வேண்டும் என்ற விதியும் இருந்தது. எக்கிளேசியா என்பது இக்கூட்டத்தின் பெயரேயாகும்.

'நகர மக்கள்' என்றேன். அச்சொல்லின் எல்லையைச் சற்று நோக்குதல் வேண்டும். அக்கூட்டத்தில் இடம் பெற்றவர் வயதுவந்த ஆண் குடிகள் மாத்திரமே. பெண்களுக்கு அங்கே இடமில்லை. அடிமைகளுக்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாக ஏதென்ஸிலே வாழ்ந்து வணிகமும் கைத்தொழிலும் செய்த வேற்றூராருக்கும் இடமில்லை. மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றப்படும் அவ்வவை, அந்நகரில் வாழ்ந்தோருட் பெரும்பாலாரைப் புறத்தே நிறுத்திய அவையாகும்.

இச்சொல்லை 'வெளியே அழைக்கப்பட்டோர்' எனப் பகுத்து, உலகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டோர் என்று பொருளுரைப்பது பிரசங்க மேடைகளில் வழக்கம். சொல்லின் பகுதி விகுதிகளை நோக்கின் அவ்வாறு பிரிக்கலாம். எனினும் ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பினும் வழக்கே உறுதிசெய்யும். கிரேக்கர் காதில் அது வெறுமனே 'கூட்டம்' என்றே ஒலித்தது.

இச்சொல் அரசியல் மன்றிலிருந்து சமய வழக்கிற்குள் நுழைந்த வாயில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரம். அங்கு வாழ்ந்த யூதர் கிரேக்கம் பேசினர். தம் முன்னோரின் எபிரேய மொழி பலருக்கு விளங்காதாயிற்று. ஆகவே கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் அவர்களுடைய வேதநூல்கள் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டன. எபிரேயத்தில் 'காகால்' என்றொரு சொல் உண்டு. திரண்டு நிற்கும் மக்கள் என்பது அதன் பொருள். அதனைப் பல இடங்களில் மொழிபெயர்ப்பாளர் 'எக்கிளேசியா' என்றனர். ஓரேப் மலையடியில் இஸ்ரவேலர் நின்று கடவுளின் கட்டளைகளைக் கேட்ட நாளை, உபாகமம் என்னும் நூலின் கிரேக்கப் பெயர்ப்பு 'எக்கிளேசியாவின் நாள்' என்று குறிக்கின்றது. அங்கே கட்டடம் இல்லை. வனாந்தரமும் மலையும் கேட்கும் மக்களுமே உண்டு. இந்த நினைவைத் தாங்கிய சொல்லையே முதற் கிறிஸ்தவர் தமக்குப் பெயராக எடுத்துக்கொண்டனர்.

சுவிசேஷங்கள் நான்கனுள் மத்தேயு என்னும் ஒன்றிலேயே இச்சொல் வருகின்றது. அதிலும் இரண்டு இடங்களிலே தான். ஒன்று, பேதுருவை நோக்கி இயேசு கூறும் கூற்று. அது பிற்காலத்தில் பெரும் விவாதங்களுக்கு அடிப்படையாயிற்று. மற்றது, சகோதரர் இருவருக்கிடையே பிணக்கு நேர்ந்தால் அதனை யார் முன்னிலையில் தீர்ப்பது என்னும் அறிவுரை. பின்னதையடுத்தே, இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக இயேசு கூறுகின்றார். ஏதென்ஸ் அவைக்கு 6,000 பேர் வேண்டியிருக்க, இங்கே இருவர் மூவரே போதுமென்றாயிற்று.

இச்சொல் எவ்வளவு பொதுவான சொல்லாக இருந்தது என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரம் நல்ல சான்று. எபேசு நகரத்துத் தட்டான் தெமேத்திரியு என்பவன், பவுலின் போதனையால் தன் தொழில் கெடுகின்றதென்று தொழிலாளரைத் தூண்டிவிட, நகரமே குழப்பமுற்று அரங்கத்துக்குள் பாய்கின்றது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரத்தக்க அவ்வரங்கத்தின் படிகளை இன்றும் துருக்கி நாட்டில் காணலாம். எதற்காகக் கூடினோம் என்பதையே பலர் அறியாது கூச்சலிட்ட அக்கும்பலை நூலாசிரியர் குறிக்கும் சொல் எக்கிளேசியா. நகர எழுத்தன் எழுந்து, குறையிருந்தால் முறைப்படி கூடும் அவையிலே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அமர்த்துகின்றான். அவன் சொல்லும் அவையும் எக்கிளேசியாவே. மொழிபெயர்ப்புகளில் இவ்விடங்களில் வேறு சொற்கள் இடப்படுவதால், மூலத்தில் ஒரே சொல் நிற்பதைப் படிப்போர் உணர்வதில்லை. கூட்டம் கூடுவதால் மட்டும் சிறப்பு வந்துவிடாது. எதற்காகக் கூடுகின்றனர், எவ்வாறு ஒருவரையொருவர் நடத்துகின்றனர் என்பதே சிறப்பைத் தருவது.

புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையன பவுலின் நிருபங்கள். ஏறத்தாழ 50ஆம் ஆண்டளவில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபம் தொடங்கிப் பல நிருபங்கள் ஏதேனுமோர் ஊரின் எக்கிளேசியாவை விளித்தே எழுதப்பட்டுள்ளன. இச்சொல் அங்கே மூன்று நிலைகளில் வருகின்றது. கூடியிருக்கும் நேரத்துக் கூட்டம் முதலாவது. அவ்வூரில் கூடும் வழக்கமுடைய மக்கள் இரண்டாவது. கொலோசெயர், எபேசியர் நிருபங்களில் எங்கும் பரந்த நம்பிக்கையாளர் அனைவரும் ஒன்றாகக் கருதப்படுவது மூன்றாவது. புதிய ஏற்பாடு முழுவதும் 110க்கு மேற்பட்ட இடங்களில் வரும் இச்சொல், ஓரிடத்திலேனும் கட்டடத்தைச் சுட்டவில்லை. கடவுளின் ஆலயம் எது என்று கேட்டால், கொரிந்து நகர மக்களை நோக்கி, நீங்கள் எல்லீரும் சேர்ந்தே அவ்வாலயம் என்பது பவுலின் விடை.

அவர்கள் கூடிய இடங்கள் வீடுகள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்னும் தம்பதியரின் வீட்டிலும், பிலேமோனின் வீட்டிலும், நிம்பா என்னும் பெண்ணின் வீட்டிலும் சபைகள் கூடியதை நிருபங்களின் வாழ்த்துரைகளால் அறிகின்றோம். கொரிந்து நகரத்தின் துறைமுகங்களுள் ஒன்றாகிய கெங்கிரேயாவின் சபையிலே பெபேயாள் என்னும் பெண் ஊழியம் செய்தாள். ஏதென்ஸ் அவையின் வாயிலுக்குப் புறத்தே நின்ற பெண்களும் அடிமைகளும் அயலாரும் அதே பெயர் கொண்ட இக்கூட்டத்திலே உள்ளே அமர்ந்தனர். யூதரும் கிரேக்கரும், அடிமையும் சுயாதீனரும், ஆணும் பெண்ணும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியது இதன் கொள்கை வடிவம். புதிய ஏற்பாட்டு நிருபங்களிலேயே அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிக என்றும், பெண்கள் கூட்டத்தில் பேசாதிருக்க என்றும் கூறும் பகுதிகளும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. புதிய கொள்கை பழைய உலகத்தின் நடுவே வாழவேண்டியிருந்தது. அப்போராட்டத்தை நாம் மிகத் தெளிவாகக் காண்பது கொரிந்து நகரத்தின் ஓர் உணவுப் பந்தியிலாகும்.

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்தை, கி.மு. 44இல் யூலியஸ் சீசர் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். இரு கடல்களுக்கிடையே இரு துறைமுகங்களோடு அமைந்த அந்நகரில் விரைவிற் செல்வம் பெருகியது. செல்வரும் சுமைகூலிகளும் அடிமைகளும் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். அந்நகரத்துச் சபை மாலையிலே கூடி ஒன்றாக உண்டு, அவ்வுணவின் பகுதியாகவே இயேசுவின் இறுதி இராப்போசனத்தை நினைவுகூர்ந்தது. ஏறத்தாழ 54ஆம் ஆண்டளவில் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் அப்பந்தியைப் பற்றிப் பவுல் சீற்றத்தோடு பேசுகின்றார். ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் குடித்து மயங்குகின்றான் என்பது குற்றச்சாட்டு.

இது நிகழ்ந்த விதத்தை உரோமர் வீட்டமைப்பைக்கொண்டு அறிஞர் ஊகிப்பர். உணவறையில் மூன்று பக்கமும் சாய்விருக்கைகள். அவற்றில் ஒன்பதின்மர் சாய்ந்து உண்பது வழக்கம். எஞ்சியோர் முற்றத்திலேதான் இருக்கவேண்டும். ஓய்வுடைய செல்வர் முன்னதாக வந்து அறையுள் அமர்ந்து நல்லுணவைத் தொடங்கியிருக்கலாம். வேலை முடித்து வந்த கூலியாளும் அடிமையும் முற்றத்தில் நின்றிருக்கலாம். விருந்தாளியின் தகுதிக்கேற்ப உணவையும் மதுவையும் வேறுபடுத்துதல் உரோமர் சமூகத்தில் பலர் கைக்கொண்ட வழக்கம். கொரிந்துச் செல்வர் தாம் பிழைசெய்வதாக எண்ணியிருக்கவும் மாட்டார்கள்.

ஆனால் பவுலின் தீர்ப்பு கடுமையானது. இவ்வாறு உண்பது ஆண்டவருடைய இராப்போசனமே அன்று என்கிறார் அவர். இல்லாதவரை வெட்கப்படுத்துவதும் கடவுளின் சபையை அவமதிப்பதும் அவருக்கு ஒரே குற்றம். கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது அவர் இட்ட கட்டளை. சபையின் தன்மையைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் பலவற்றினும் இச்சிறு கட்டளை ஆழமுடையது. சடங்கு குறைவின்றி நடந்தாலும் பந்தியிலே பிரிவினை உண்டாயின் அங்கே சபை இல்லை என்பது அதன் பொருள்.

அடுத்த அதிகாரத்தில் வரும் உடல் உவமை இதன் தொடர்ச்சியே. சமூகத்தை உடலுக்கு ஒப்பிடுதல் உரோமருக்குப் பழக்கமானது. கி.மு. 494இல் உரோமாபுரியின் எளிய மக்கள் கடனும் கொடுமையும் தாங்காது நகரை விட்டு வெளியேறியபோது, மெனேனியஸ் அகிரிப்பா என்பவர் அவர்களிடம் சென்று ஒரு கதை சொன்னாராம். வயிறு மட்டும் வேலைசெய்யாது உண்கிறதென்று கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்ய, உடல் முழுவதும் மெலிந்ததாம். வரலாற்றாசிரியர் லிவி இதனைப் பதிந்துள்ளார். உழைப்போர் மீண்டும் உழைக்கச் செல்க என்பதே கதையின் பயன். பவுலும் உடலையே எடுத்தார். ஆனால் முகத்தை மறுபக்கம் திருப்பினார். பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் வேண்டியவை. மதிப்பற்றவை எனக் கருதப்படுவனவற்றுக்கே மிகுந்த மதிப்பு உரியது. ஓர் உறுப்பு வருந்தினால் எல்லாம் வருந்தும் என்றார். மேலோருக்குக் கீழோர் செய்யவேண்டிய கடமையைக் கூறிய உவமை, கீழோருக்கு மேலோர் செய்யவேண்டிய கடமையைக் கூறுவதாயிற்று.

யாக்கோபு எழுதியதாக வழங்கும் நிருபமும் இதே கேள்வியை இருக்கையை வைத்து எழுப்புகின்றது. பொன்மோதிரம் அணிந்தவன் வந்தால் நல்ல ஆசனமும், கந்தையுடுத்த ஏழை வந்தால் நிற்க இடமும் கொடுப்பீர்களாயின், நீங்கள் பாரபட்சம் செய்கின்றவர்கள் அல்லவா என்று அது வினாவுகின்றது. பந்தியும் இருக்கையும் ஆகிய இவ்விரண்டையும் நினைவில் வைத்திருப்போம். பின்னர் நம் நாட்டுப் பக்கத்திலும் இவற்றைச் சந்திக்கப் போகின்றோம்.

புதிய ஏற்பாட்டுக்கு வெளியே நின்று ஒருவர் தரும் சாட்சியும் உண்டு. ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பித்தினியா மாகாணத்தை ஆண்ட இளைய பிளினி, திராயான் பேரரசருக்கு எழுதிய கடிதம் அது. குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் துதித்துப் பாடுகின்றனர். களவும் பொய்யும் செய்யோம் என உறுதிபூணுகின்றனர். பின்னர் மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்கின்றனர் என்று அவர் அறிவிக்கின்றார். உண்மையை அறிய அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்ததாகவும், அவர்கள் சபையின் ஊழியர் எனப் பெயர் பெற்றவர்கள் என்றும் எழுதுகின்றார். உரோமச் சட்டத்தின் கண்ணில் உடைமைப் பொருளாக இருந்த இருவர், சபையின் கண்ணில் பொறுப்பு வகித்தவர்கள்.

காலம் செல்லச் செல்லச் சபையின் ஒழுங்கு உறுதிப்பட்டது. கண்காணிகளையும் ஊழியரையும் புதிய ஏற்பாடே கூறும். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் எழுதிய நிருபங்களிலே ஆயரைச் சூழ்ந்து ஒன்றுபடும் சபையைக் காண்கின்றோம். துன்புறுத்தலின் நடுவே இத்தகைய ஒழுங்கின்றி அது நிலைத்திராது எனலாம். இடமும் மெல்ல மாறியது. சிரியாவில் யூப்பிராத்து நதிக்கரையிலுள்ள தூரா எவ்ரோப்பொஸ் என்னும் நகரில், ஏறத்தாழ 240ஆம் ஆண்டளவில் ஒரு வீட்டின் நடுச்சுவரை அகற்றிக் கூட்டத்துக்கு அறையமைத்திருந்தனர். வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டியும் சுவரோவியங்களும் இருந்தன. 256ஆம் ஆண்டளவில் பாரசீகர் கைப்பட்டு மண்மூடிய அந்நகரிலிருந்து அவ்வீடு 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வெளியே அது இன்னும் வீடு, உள்ளே ஆலயமாகிக்கொண்டிருக்கின்றது.

313ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீனும் லிசீனியஸும் கிறிஸ்தவருக்கு வழிபாட்டுரிமை அளித்தபின் மாற்றம் விரைந்தது. உரோமரின் நீதிமன்றமும் வாணிப மண்டபமுமாக இருந்த 'பசிலிக்கா' என்னும் பெருமண்டப வடிவில் ஆலயங்கள் எழுந்தன. ஆண்டவருக்குரியது எனப் பொருள்படும் 'கிரியாக்கொன்' என்ற வேறொரு கிரேக்கச் சொல் அவ்வில்லங்களுக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்தின் 'சேர்ச்', ஒல்லாந்தரின் 'கேர்க்' ஆகியன அதன் வழிவந்தவை என்பர். போர்த்துக்கேயரின் 'இகிரேஜா'வோ எக்கிளேசியாவின் சிதைவே. ஆயின் அதுவும் மக்களையும் கட்டடத்தையும் ஒருங்கே குறிக்கலாயிற்று.

ஒரு சொல்லை மாற்றுவது எத்துணை ஆபத்தானது என்பதை 16ஆம் நூற்றாண்டு காட்டியது. 1526இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட வில்லியம் டின்டேல், எக்கிளேசியாவைச் 'சேர்ச்' என்னாது, கூடிய மக்கள் எனப் பொருள்படும் சொல்லால் பெயர்த்தார். ஜேர்மனியில் லூத்தரும் அவ்வாறே செய்திருந்தார். சபையென்பது குருமாரின் அதிகாரமன்று, நம்பும் மக்களே என்னும் கருத்து அச்சொல்லுக்குள் இருந்தது. சேர் தோமஸ் மோர் 1529இல் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். டின்டேல் 1536இல் வில்வூர்தே நகரில் சமயத்துரோகியென மரணதண்டனை பெற்றார். பின்னர் முதலாம் யேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பாளருக்கு இடப்பட்ட விதிகளுள் ஒன்று, 'சேர்ச்' முதலிய பழைய சொற்களை மாற்றலாகாது என்பது. 1611இல் வெளிவந்த அப்பெயர்ப்பே ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் பரவியது.

தமிழில் எக்கிளேசியாவுக்குச் 'சபை' என்ற சொல் அமைந்தது ஒரு வகையில் நல்வாய்ப்பு. இதுவும் கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட சொல். இதுவும் கூடும் மக்களின் பெயர். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பிராமணர் ஊராகிய அதன் சபையினது தேர்தல் முறையை விரிவாகக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் உடையோரே குடவோலையில் பெயர் எழுதத்தக்கவர். ஏதென்ஸின் எக்கிளேசியாவைப் போலவே உத்தரமேரூர்ச் சபையும் உள்ளிருப்போர் யார், புறத்திருப்போர் யார் என்பதைக் கோடிட்டு வரையறுத்தது. கிறிஸ்தவர் இச்சொல்லை எடுத்தபோது அந்தக் கோட்டையும் உடன் எடுத்தார்களா என்பதே கேள்வி.

வரலாறு தரும் விடை பெருமைக்குரியதன்று. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715அளவில் அச்சிட்டு முடித்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஆயினும் அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழகத்துச் சபைகள் பலவற்றிலே சாதிக்கொரு பக்கமாக இருக்கை இருந்தது. திருவிருந்துக்கு வருவதிலும் முன்பின் வரிசை இருந்தது. கொரிந்தின் முற்றமும் யாக்கோபின் ஆசனமும் ஆலயத்துக்குள்ளேயே மீண்டும் தோன்றின. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், இவ்வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிதல் வேண்டும் எனச் சுற்றுநிருபம் விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டு விலகினர். ஆணையால் இருக்கைகளை மாற்றலாம். மனங்கள் மாறுதற்கு அது போதவில்லை.

பிரிவுகளின் பெயராகச் 'சபை' வழங்குவதும் புதிய ஏற்பாடு அறியாத வழக்கு என்று தொடக்கத்திற் கண்டோம். அதனை ஒருவாறு திருத்தும் முயற்சியில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், முன்னரே ஒன்றிணைந்திருந்த பிரெஸ்பிற்றேரியர், சபையாட்சி மரபினர் ஆகியோர் கூடித் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதில் ஓர் ஆதீனமாக இணைந்தது. அதன் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதிய அறிஞரும் ஆவார். கத்தோலிக்க உலகிலும் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டை வெளியிட்டபோது, அதிகாரப் படிமுறையைக் கூறும் அதிகாரத்துக்கு முன்னதாகக் கடவுளின் மக்கள் என்னும் அதிகாரத்தை வைத்தது. அதிகாரங்களின் வரிசை சிறிய செய்தியாகத் தோன்றலாம். மக்கள் முதலில், பதவி அடுத்தது என்பதை அவ்வரிசையே உணர்த்தியது.

கட்டடங்கள் வேண்டாதவை என்பது இதன் கருத்தன்று. கூடுவோருக்குக் கூரை வேண்டும். கூட்டத்துக்கு ஒழுங்கு வேண்டும். ஆனால் சொல்லின் வரலாறு ஓர் அளவுகோலை நம் கையில் தருகின்றது. எவ்வளவு உயர்ந்த கோபுரம், எத்துணைத் தொன்மையான மரபு என்பன அவ்வளவுகோலில் இல்லை. வேலை முடித்துப் பிந்தி வருகின்றவனுக்காகப் பந்தி காத்திருக்கின்றதா, அவனுக்கு எந்த இடத்தில் இருக்கை இடப்படுகின்றது என்ற இரண்டுமே அதிலுள்ளன. கொரிந்து மக்களிடம் அன்று கேட்கப்பட்டது அதுவே. சபை என்று தன்னை அழைத்துக்கொள்ளும் எந்தக் கூட்டமும் விடைகூற வேண்டியதும் அதற்கேயாகும்.